டிக்ஸ்வில் நாட்ச்: நள்ளிரவில் வாக்களிக்கும் அமெரிக்கச் சிற்றூர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபர் தேர்தல் நடக்கும் நாளில், அந்நாட்டின் பெரும்பாலோர் உறங்கிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஊரின் முடிவு வெளியாகிவிடுகிறது. 2024 நவம்பர் 5 ஆம் தேதி, இந்திய நேரப்படி காலை பத்தரை மணிக்குச் சற்றுப் பின்னர் வந்த அந்த முடிவு, கமலா ஹாரிஸுக்கு 3, டொனால்ட் டிரம்புக்கு 3 என்பதாகும். வாக்குப்பதிவு 100 சதவீதம். இந்த ஊரின் கட்சிச் சாய்வு பற்றியும் அதன் முழுமையான வாக்குப்பதிவு பற்றியும் வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

டிக்ஸ்வில் நாட்ச் எங்கே இருக்கிறது? அங்கே எத்தனை பேர் வசிக்கிறார்கள்?

நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே, இரு மலைகளுக்கு நடுவே செல்லும் கணவாய் ஒன்றில் இந்த ஊர் இருக்கிறது. ஊர் என்று வழக்கத்தை ஒட்டிச் சொல்கிறோமே தவிர, கடைத்தெருவோ பள்ளிக்கூடமோ உள்ள ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கக் கூடாது. பால்சம்ஸ் என்ற பழைய பெரிய சொகுசு விடுதி, அதன் முன்னால் ஓர் ஏரி, சுற்றிலும் காடு, அந்த விடுதியை ஒட்டிப் பிழைத்த சில குடும்பங்கள் என்பதே இதன் அமைப்பு. 2000 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 75 பேர் இருந்தார்கள். 2010 இல் 12 பேர். 2020 இல் 4 பேர். கட்சிச் சாய்வைப் பற்றிப் பின்னர் சொல்லப்படும் அனைத்தையும் இந்த மூன்று எண்களோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

நள்ளிரவில் வாக்களிக்கும் வழக்கம் எப்படி வந்தது?

இதைத் தொடங்கியது டிக்ஸ்வில் அல்ல. அதே மாநிலத்தில் மேலும் தெற்கே உள்ள ஹார்ட்ஸ் லொகேஷன் என்ற ஊரில், வழக்கமான நேரத்துக்கு வாக்குச்சாவடி திறப்பதற்கு முன்பே பணிக்குச் செல்ல வேண்டியிருந்த ரயில்வே தொழிலாளர்களுக்காக, 1948 இல் நள்ளிரவு வாக்குப்பதிவு நடத்தப்பட்டது. அதாவது, அங்கே அது வேலை நேரத்துக்கான ஏற்பாடு. பத்திரிகையாளர்களின் கூட்டம் சலித்துப்போனதால் அந்த ஊர் 1964 இல் வழக்கத்தைக் கைவிட்டு, 1996 இல்தான் மீண்டும் தொடங்கியது.

டிக்ஸ்வில்லில் 1960 இல் இதைத் தொடங்கியவர் நீல் டில்லட்சன். 1898 இல் பிறந்த இவர், பூனைத் தலை வடிவ லேடெக்ஸ் பலூனை 1931 இல் செய்து விற்றுத் தொழிலில் உயர்ந்தவர். 1954 இல் பால்சம்ஸ் விடுதியை வாங்கினார். தனி ஊராட்சி இல்லாத அந்த இடத்துக்கு, வாக்களிப்பதற்காக மட்டும் ஓர் அமைப்பு என்ற தகுதியைப் பெற்று, வாக்குப்பதிவை விடுதிக்குள்ளேயே நடத்த வழிசெய்தார். செய்தியாளர்கள் தங்குவதற்கு அறைகளும் செய்தியை உடனே அனுப்புவதற்குத் தொலைபேசி வசதியும் அங்கே இருந்தன. விளம்பரம் விடுதிக்கு, முதல் செய்தி பத்திரிகைக்கு என்ற இந்த ஏற்பாட்டில் இரு தரப்புக்கும் ஆதாயம் இருந்தது. ஜனநாயகத் திருவிழா என்று தேர்தல்தோறும் எழுதுகிறவர்கள் இந்த வணிகக் கணக்கை ஏனோ விட்டுவிடுகிறார்கள். 1960 முதல் 2000 வரை ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் முதல் வாக்குச்சீட்டைப் பெட்டியில் போட்டவர் டில்லட்சனே. 2001 இல், 102 ஆம் வயதில் அவர் காலமானார்.

இதற்குச் சட்டம் இடம் தருகிறதா?

தருகிறது. நூறு பேருக்கும் குறைவானவர்கள் வசிக்கும் ஊர்கள் நள்ளிரவிலேயே வாக்குச்சாவடியைத் திறக்கலாம் என்றும், பட்டியலில் உள்ள அனைவரும் வாக்களித்துவிட்டால் உடனே மூடிவிடலாம் என்றும் நியூ ஹாம்ப்ஷையர் சட்டம் கூறுகிறது.

100 சதவீத வாக்குப்பதிவு என்பது உண்மைதானா? அது எப்படிச் சாத்தியமாகிறது?

உண்மைதான், ஆனால் அது மேற்சொன்ன சட்டத்தின் இரண்டாம் பகுதியிலிருந்து பிறக்கும் உண்மை. பட்டியலில் உள்ளவர்களில் ஒருவர் வாக்களிக்காவிட்டாலும் சாவடியை மாலை வரை திறந்து வைத்திருக்க வேண்டும். சாவடி மூடாமல் முடிவை அறிவிக்க முடியாது. முடிவை அறிவிக்க முடியாவிட்டால் நாட்டின் முதல் முடிவு என்ற சிறப்பும் இல்லை. ஆகவே, இந்த ஊரின் புகழ் வாக்குப்பதிவு முழுமையாக இருப்பதையே நம்பியிருக்கிறது. நேரில் வர இயலாதவர்கள் முன்கூட்டியே வாக்குச்சீட்டை அனுப்பிவிடுவார்கள்.

வாக்குப்பதிவின் நடைமுறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். விடுதியில் மரப்பலகை வேய்ந்த அறை ஒன்று இதற்கென இருந்தது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மறைப்பு வைக்கப்பட்டிருந்ததால், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் குறியிட்டு, வரிசையாக வந்து பெட்டியில் போடுவார்கள். சீட்டுகளைக் கையால் எண்ணி, வெள்ளைப் பலகையில் பேனாவால் எழுதிக் காட்டுவார்கள். 2024 நவம்பரில் வாக்குப்பதிவுக்கு முன்னர் அக்கார்டியனில் தேசிய கீதம் வாசிக்கப்பட்டது. அன்று வாக்காளர்களைவிடக் கேமராக்களே அதிகம் இருந்தன.

வாக்களிப்பதற்கு ஒரு குடிமகன் கொடுக்க வேண்டிய விலை, அதாவது பயணம், வரிசை, வேலையிலிருந்து எடுக்க வேண்டிய நேரம் ஆகியவை, இங்கே ஏறக்குறைய ஒன்றுமில்லை. வாக்களிக்காமல் இருந்தால் கொடுக்க வேண்டிய விலையோ மிக அதிகம்: ஊரே கவனிக்கும், தொலைக்காட்சியும் கவனிக்கும். இந்த இரண்டும் சேரும் இடத்தில் வாக்குப்பதிவு உயரும் என்பதற்கு டிக்ஸ்வில் நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ளவர்கள் மற்ற அமெரிக்கர்களைவிடப் பொறுப்பு மிக்கவர்கள் என்பதற்கு இது சான்றாகாது.

இந்த ஊர் எந்தக் கட்சியின் பக்கம் சாய்ந்திருக்கிறது?

நீண்ட காலம் குடியரசுக் கட்சியின் பக்கம். பின்னர் எந்தப் பக்கமும் உறுதியாக இல்லை.

முதல் தேர்தலான 1960 இல் ரிச்சர்ட் நிக்சனுக்கு 9 வாக்குகள் கிடைத்தன. ஜான் கென்னடிக்கு ஒன்றுகூட இல்லை. நாடெங்கும் ஜனநாயகக் கட்சி அலை வீசிய 1964 இல்கூட இங்கே பேரி கோல்ட்வாட்டர் 8, லிண்டன் ஜான்சன் 1. 1968 இல் மட்டும் ஹியூபர்ட் ஹம்ப்ரி 8 க்கு 4 என நிக்சனை முந்தினார். அதன் பிறகு 2004 வரை குடியரசுக் கட்சி இங்கே தோற்றதே இல்லை. 1984 இல் ரொனால்ட் ரீகன் 29, வால்டர் மாண்டேல் 1. 1988 இல் மூத்த புஷ் 34, மைக்கேல் டுகாகிஸ் 3. 2004 இல் இளைய புஷ் 19, ஜான் கெர்ரி 7.

2008 இல் பராக் ஒபாமா 15, ஜான் மெக்கெய்ன் 6. ஹம்ப்ரிக்குப் பின்னர், நாற்பது ஆண்டு கழித்து, இங்கே வென்ற முதல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஒபாமா. 2012 இல் ஒபாமாவுக்கும் மிட் ராம்னிக்கும் ஆளுக்கு 5 வாக்குகள் விழ, இவ்வூரின் வரலாற்றில் முதன்முறையாகச் சமநிலை ஏற்பட்டது. 2016 இல் ஹிலாரி கிளின்டன் 4, டிரம்ப் 2. சுதந்திரக் கோட்பாட்டுக் கட்சியின் கேரி ஜான்சனுக்கு 1. சீட்டில் பெயரே இல்லாத ராம்னிக்கு யாரோ ஒருவர் கையால் எழுதிப் போட்ட வாக்கு 1. 2020 இல் ஜோ பைடனுக்கு ஐந்துக்கு ஐந்து. 2024 இல் மீண்டும் சமநிலை.

கட்சி வரம்புக்கு வெளியே போகும் பழக்கமும் இங்கே உண்டு. கட்சிகள் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் உட்கட்சித் தேர்தலின் 1992 ஆம் ஆண்டு இரவில், அதிகம் அறியப்படாத சுதந்திரக் கோட்பாட்டுக் கட்சியின் ஆந்த்ரே மாரோ 11 வாக்குகள் பெற்று, பதவியிலிருந்த அதிபர் புஷ்ஷின் 9 வாக்குகளை மிஞ்சினார். 2020 இன் உட்கட்சித் தேர்தலில், சீட்டில் இல்லாத மைக்கேல் புளூம்பெர்க்கின் பெயரை எழுதிப்போட்டவர்கள் மூவர். அவர்களில் ஒருவர் குடியரசுக் கட்சியின் சீட்டில் எழுதினார்.

அப்படியானால் ஊர் மக்கள் மனம் மாறிவிட்டார்களா?

இதுவே மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. மிக அதிகமாகத் தவறான விடை தரப்படும் கேள்வியும் இதுவே. 1988 இன் டிக்ஸ்வில்லும் 2020 இன் டிக்ஸ்வில்லும் பெயரளவில்தான் ஒரே ஊர். முன்னது, இயங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய விடுதியின் பணியாளர்களும் நிர்வாகிகளும் வாழ்ந்த குடியிருப்பு. விடுதி 2011 இல் மூடப்பட்டது. வேலை போனதும் ஆட்களும் போனார்கள். 2008 இல் 21 பேர் வாக்களித்த இடத்தில் 2012 இல் 10 பேர், 2016 இல் 8 பேர், 2020 இல் 5 பேர். எஞ்சியவர்களிலும் புதிதாக வந்தவர்களிலும் விடுதியை மறுபடியும் எழுப்பும் முயற்சியோடு தொடர்புடையோர் உண்டு. விடுதியைச் சீரமைக்க முன்வந்த தொழிலதிபர் லெஸ் ஓட்டனே 2020 இல் இங்கு வாக்காளராக இருந்தார். வாழ்நாள் முழுதும் குடியரசுக் கட்சிக்காரரான தாம் பைடனுக்கு வாக்களிப்பதாக அவர் வெளிப்படையாகவே அறிவித்தார்.

ஓட்டனைப் போன்ற ஒருவரின் வாக்கை மன மாற்றம் என்று சொல்வதில் பிழையில்லை. ஊரின் மொத்த எண்ணிக்கை மாறியதற்கோ, முதன்மைக் காரணம் ஆட்கள் மாறியதுதான். ஆறு வாக்குகள் உள்ள இடத்தில் ஒரு குடும்பம் வீடு மாறினால் கட்சிச் சாய்வு முப்பது சதவீதத்துக்கும் மேல் நகரும். அதை ‘அலை’ என்று தலைப்பிட்டு எழுதுவது எண்ணை மதிப்பதாகாது.

வாக்காளர்கள் கட்சி வாரியாகப் பதிவு செய்கிறார்களா?

நியூ ஹாம்ப்ஷையரில் வாக்காளர் ஒருவர் ஏதேனும் ஒரு கட்சியின் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம். கட்சியை அறிவிக்காமலும் இருக்கலாம். மாநிலத்தில் மற்ற எந்தப் பிரிவையும்விட அறிவிக்காதவர்களின் எண்ணிக்கையே அதிகம். இவர்கள் உட்கட்சித் தேர்தலின்போது இரு கட்சிகளில் ஒன்றின் சீட்டைக் கேட்டு வாங்கி வாக்களித்துவிட்டு, வெளியே வரும்போது ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு மீண்டும் கட்சி சாராதவர்களாகிவிடலாம்.

டிக்ஸ்வில்லில் 2024 இல் பதிவான ஆறு பேரில் நால்வர் குடியரசுக் கட்சியினர், இருவர் கட்சியை அறிவிக்காதவர்கள். ஜனநாயகக் கட்சியினர் ஒருவரும் இல்லை. ஜனவரி 23 ஆம் தேதி நடந்த உட்கட்சித் தேர்தலில் ஆறு பேரும் குடியரசுக் கட்சிச் சீட்டையே எடுத்தார்கள். ஆறு வாக்குகளும் நிக்கி ஹேலிக்கு விழுந்தன, டிரம்புக்கு ஒன்றுமில்லை. நவம்பரில் முடிவு 3 க்கு 3. பதிவு விவரத்தை மட்டும் பார்த்திருந்தால் டிரம்ப் 4, ஹாரிஸ் 2 என்று ஊகித்திருப்போம். ஜனவரி முடிவை மட்டும் பார்த்திருந்தால் டிரம்புக்கு இங்கே இடமே இல்லை என்று எழுதியிருப்போம். இரண்டும் பொய்த்தன. பதிவில் உள்ள கட்சி, உட்கட்சித் தேர்தலில் எடுக்கும் சீட்டு, பொதுத் தேர்தலில் போடும் வாக்கு ஆகிய மூன்றும் வேறு வேறு என்பது பெரிய நாடு முழுவதற்கும் பொருந்துவதுதான் என்றாலும், கண்ணெதிரே இவ்வளவு பட்டவர்த்தனமாகத் தெரிவது அரிது.

இவ்வளவு சிறிய ஊரில் வாக்கின் ரகசியம் காக்கப்படுகிறதா?

மறைப்பு இருக்கிறது, பெட்டி இருக்கிறது, சீட்டில் பெயர் எழுதப்படுவதில்லை. ஆயினும் 2020 இல் ஐந்து வாக்குகளும் ஒருவருக்கே விழுந்தபோது, யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்பதை அறிவிப்புப் பலகையே சொல்லிவிட்டது. 2024 நவம்பரிலும் எளிய கழித்தல் கணக்கு ஒன்று உண்டு: கட்சியை அறிவிக்காதவர்கள் இருவர்தான், ஹாரிஸுக்கு விழுந்ததோ மூன்று, ஆகவே, குடியரசுக் கட்சியில் பதிவு செய்தவர்களில் குறைந்தது ஒருவர் ஹாரிஸுக்கு வாக்களித்திருக்க வேண்டும்.

இங்குள்ள வாக்காளர்களில் பலர் தங்கள் விருப்பத்தைக் கேமரா முன்பே சொல்லிவிடுகிறார்கள் என்பதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் சொல்ல விரும்பாத ஒருவர் அங்கே குடிவந்தால் அவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு பெயரளவுக்குத்தான் இருக்கும். என் பார்வையில், இந்த வழக்கத்தின் மீது வைக்கக்கூடிய நியாயமான குறை இது ஒன்றுதான்.

இங்கே வெல்பவர் அதிபராவார் என்று சொல்கிறார்களே?

1960 முதல் 2024 வரை பதினேழு அதிபர் தேர்தல்கள் நடந்துள்ளன. டிக்ஸ்வில் தேர்ந்தெடுத்தவர் வெள்ளை மாளிகைக்குப் போனது எட்டு முறை. போகாதது ஏழு முறை. சமநிலை இரண்டு முறை. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே பலன் கிடைக்கும்.

குடியரசுக் கட்சி வேட்பாளரைத் தேர்வதில் மட்டும் ஒரு காலம் வரை நல்ல பெயர் இருந்தது. 1968 முதல் 2012 வரை, அக்கட்சியின் வேட்பாளராக இறுதியில் வந்தவர் இங்கே முதலிடமோ சமநிலையோ பெற்றிருந்தார். 2016 இல் ஜான் கேசிக் 3 க்கு 2 என டிரம்பை வென்றதோடு அந்தப் பெயரும் போயிற்று.

அக்கம்பக்கத்துச் சிற்றூர்களும் இப்படித்தான் வாக்களிக்கின்றனவா?

இல்லை. டிக்ஸ்வில்லிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவிலேயே இருக்கும் மில்ஸ்ஃபீல்ட், 2016 இல் நள்ளிரவு வாக்குப்பதிவை மீண்டும் தொடங்கியது. அங்கே அந்த ஆண்டு டிரம்ப் 16, கிளின்டன் 4. 2020 இல் டிரம்ப் 16, பைடன் 5. அதே இரவில் டிக்ஸ்வில்லில் பைடனுக்கு ஐந்துக்கு ஐந்து. ஒரே மலை, ஒரே குளிர், ஒரே கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு). முடிவு நேர் எதிர். ஹார்ட்ஸ் லொகேஷனிலோ 2016 இல் கிளின்டன் 17, டிரம்ப் 14 என நெருக்கமான போட்டி. 2020 இல் கொரோனா காரணமாக அந்த ஊர் நள்ளிரவு வாக்குப்பதிவை நிறுத்திவைத்தது. 2024 ஜனவரியில் டிக்ஸ்வில் மட்டுமே நள்ளிரவில் வாக்களித்தது.

மூன்று ஊர்களும் 2016 இல் அளித்த வாக்குகளைக் கூட்டினால் டிரம்ப் 32, கிளின்டன் 25. ஆனால் மாநிலத்தை 2,736 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர் கிளின்டன். இவ்வூர்களில் டிக்ஸ்வில்லும் மில்ஸ்ஃபீல்டும் அடங்கிய கோவாஸ் கவுண்டி, ஒபாமாவுக்கு இரு முறை பெரும்பான்மை தந்துவிட்டு 2016, 2020, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் டிரம்பின் பக்கம் போனது. வட நியூ ஹாம்ப்ஷையரின் அரசியல் எங்கே நகர்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் டிக்ஸ்வில்லின் ஆறு வாக்குகளை விட்டுவிட்டு, காகித ஆலைகள் மூடப்பட்ட பெர்லின் நகரத்தையும் உள்ளடக்கிய இந்தக் கவுண்டியின் கணக்கைப் பார்ப்பது நல்லது.

நியூ ஹாம்ப்ஷையரில் பொதுவாகவே வாக்குப்பதிவு அதிகமா?

ஆம். 2020 இல் அமெரிக்கா முழுவதும் தகுதியுள்ளோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வாக்களித்தார்கள். நியூ ஹாம்ப்ஷையரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர். இதற்குச் சில காரணங்கள் வெளிப்படையானவை. தேர்தல் நாளன்றே சாவடிக்குப் போய்ப் பெயர் பதிந்து வாக்களிக்கும் முறை 1990களின் நடுப்பகுதியிலிருந்தே இங்கு உண்டு. உட்கட்சித் தேர்தலை வேறு எந்த மாநிலத்துக்கும் முன்னதாக நடத்த வேண்டும் என்று மாநிலச் சட்டமே கூறுவதால், வேட்பாளர்கள் மாதக்கணக்கில் ஊர் ஊராக வருகிறார்கள். போட்டியும் நெருக்கமானது: 2000 இல் இளைய புஷ் இங்கே 7,211 வாக்குகளில் வென்றார், அதிபரை முடிவுசெய்யும் தேர்வாளர் வாக்குகளில் இந்த மாநிலத்துக்கு உரிய நான்கும் புஷ்ஷை எதிர்த்த அல் கோருக்குப் போயிருந்தால், புளோரிடா மாநில வாக்கு எண்ணிக்கை பற்றிய வழக்கு எப்படி முடிந்திருந்தாலும் அவரே அதிபர். தங்கள் வாக்கு கணக்கில் வரும் என்று நினைப்பதற்கு இங்குள்ளவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

இதே மக்கள், மார்ச் மாதம் நடக்கும் ஊர்த் தேர்தல்களுக்கு இந்த அளவில் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேலும், முதல்முறை பதிவு செய்வோர் குடியுரிமைச் சான்றைக் காட்டியே தீர வேண்டும் என்ற சட்டம் 2024 தேர்தலுக்குப் பின்னர் நடைமுறைக்கு வந்தது. 2025 மார்ச் ஊர்த் தேர்தல்களில், கையில் ஆவணம் இல்லாத சிலர் சாவடியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

மற்ற இடங்களில் வாக்குப்பதிவு தொடங்கும் முன்பே முடிவை அறிவிப்பது சரியா?

இந்தியாவில் எல்லாக் கட்டங்களும் முடிந்த பிறகே வாக்குகளை எண்ணிப் பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றுவது இயல்பு. அமெரிக்காவில் தேர்தலை நடத்துவது மாநிலங்கள். சாவடியை மூடிய பிறகு முடிவை வெளியிடுவதைத் தடுக்கும் நாடு தழுவிய சட்டம் இல்லை. கிழக்குக் கரையின் முடிவுகள் வரும்போது மேற்குக் கரையில் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருப்பதும் இதனால்தான். ஆறு வாக்குகளைக் கேட்டு வேறு யாரும் மனத்தை மாற்றிக்கொண்டதாகக் கருத இடமில்லை.

இந்த வழக்கம் தொடருமா?

ஆர்வம் இருந்தால் மட்டும் போதாது, ஆட்களும் வேண்டும். தேர்தலை நடத்தும் பொறுப்புகளை நிரப்பவே குறைந்தது ஐந்து பேர் தேவை. ஒருவர் ஊரை விட்டுச் சென்றதால் 2020 உட்கட்சித் தேர்தலுக்கு முன்னர் இந்த எண்ணிக்கை நான்காகக் குறைந்து, வழக்கம் நின்றுபோகும் நிலை ஏற்பட்டது. லெஸ் ஓட்டன் அங்கே குடிபெயர்ந்ததால் ஐந்து நிறைந்தது. அதற்கு முன்னரே, 2016 இல் வாக்களித்தவர்கள் உண்மையில் அவ்வூரில் வசிப்பவர்கள்தானா என்ற கேள்வியை மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் எழுப்பியிருந்ததால், வெளியூர்க்காரர் பெயரைச் சேர்த்து எண்ணிக்கையை நிரப்பும் வழியும் இல்லை. விடுதி மீண்டும் திறந்து பணியாளர்கள் வந்து குடியேறினால் வாக்காளர் பட்டியல் நீளும். அப்படி நீளும்போது, அவர்கள் அனைவரையும் நள்ளிரவில் ஓர் அறையில் கூட்டி முழு வாக்குப்பதிவைக் காட்டுவது இப்போது ஆறு பேரை வைத்துச் செய்வதைவிடக் கடினமாகவே இருக்கும்.